கணினிப் பேரேடும் கட்டளைப் பதிவும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் திருவிழா நினைவுகளையோ, பழைய தோட்டத்துக் கோயில்களின் கதைகளையோ எழுதித் தருவதுதான் என் வழக்கம். இம்முறை செயலவையினர் வேறொன்றைக் கேட்டார்கள். "கட்டளைப் பதிவுகளைப் பழைய கணினியிலிருந்து மீட்டு மாற்றினீர்களே, அது என்ன வேலை என்று உபயகாரர்கள் கேட்கிறார்கள். எல்லாருக்கும் விளங்கும்படி எழுதுங்கள்" என்றார்கள். அடியேன் கணினி படித்தவன் அல்லன். தோட்டத்தில் கிராணியாக இருந்து செக்ரோல் எழுதியே காலம் கழித்தவன். ஆனாலும் அந்த வேலை நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகச் சரிபார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மாசி மாதத்தில் வந்த பெரியவர்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஒருநாள் காலை எண்பது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் அலுவலக அறைக்கு வந்தார். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். செனாயைச் சுற்றி ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த தலைமுறை. காலஞ்சென்ற தம் மனைவியின் திதியன்று ஆண்டுதோறும் மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்று 1997இல் ஐந்நூறு வெள்ளி கட்டளை வைத்திருந்தார். அவருடைய வருமானத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள்தான் திதி. பேருந்து ஏறி வந்து சன்னிதியில் காத்திருந்திருக்கிறார். தீபம் ஏற்றப்படவில்லை. மறுநாள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ரசீதை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"கிராணி, என் பொஞ்சாதி பேரு உங்க பெட்டிக்குள்ள இல்லியா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மை என்னவென்றால், பெயர் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் எங்களால் அதைப் படிக்க முடியவில்லை.

ஊறுகாய் ஜாடி

நடந்தது இதுதான். தொடக்கத்தில் கட்டளைகள் பேரேட்டில் கையால் எழுதப்பட்டன. பின்னர் கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு தட்டச்சிட்டு வைத்தார்கள். 2009இல் எங்களிடையே கணினி படித்த இளைஞர் ஒருவர் பைத்தான் என்னும் நிரல்மொழியில் கட்டளைகளுக்கென்றே ஒரு நிரலைச் சம்பளம் வாங்காமல் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் வரவேண்டிய உபயங்களை அது தானே பட்டியலிட்டுத் தரும். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் குறையின்றி ஓடியது. பேரேட்டைக் கரையான் அரித்தபோதுகூட, கணினியில் இருக்கிறதே என்று நாங்கள் கவலைப்படவில்லை.

2018 இறுதியில் ஓர் இடிமழையில் அந்தக் கணினி போய்விட்டது. விவரக் கோப்பின் நகல் ஒரு விரலியில் இருந்ததால் நிம்மதியாக இருந்தோம். புதிய கணினியில் விரலியைச் செருகினோம். கோப்பு இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை. கைக்குக் கிடைத்த ரசீது அடிக்கட்டைகளைக் கொண்டும் நினைவைக் கொண்டும் சில மாதங்கள் ஓட்டினோம். அப்படி ஓட்டியதில் விடுபட்டதுதான் அந்தப் பெரியவரின் கட்டளை. குற்றம் எங்களுடையது. கோப்பை நகலெடுத்த நாங்கள், அதைத் திறக்கும் நிரலை நகலெடுக்க மறந்துவிட்டோம்.

பைத்தான் நிரலில் விவரங்களை இருந்தபடியே சேமித்து வைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பெயரே 'பிக்கிள்', அதாவது ஊறுகாய். கெடாமல் இருக்கும் என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள் போலும். ஆனால் இந்த ஊறுகாய் ஜாடியின் மூடி, போட்ட வீட்டில் மட்டுமே திறக்கும். 'இது இன்ன நிரலில் உள்ள இன்ன வகை' என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் இருக்கும். அந்த வகையை விளக்கும் நிரல் அதில் இராது. நிரல் தொலைந்தால், கோப்பு முழுதாகக் கையில் இருந்தும் பயனில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பிக்கிள் கோப்பைத் திறக்கும்போது அதற்குள் ஒளித்து வைத்த கட்டளைகளைக் கணினி நிறைவேற்றிவிடக் கூடும். ஆகவே முன்பின் தெரியாதவர் கொடுத்த பிக்கிளைத் திறக்கக் கூடாது என்று பைத்தானின் கையேடே எச்சரிக்கிறது.

சமையற்காரரும் சமையல் குறிப்பும்

அந்த நிரலை எழுதிய தம்பி அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். 2019 தீபாவளி விடுப்பில் கூலாயில் உள்ள தம் தாயார் வீட்டுக்கு வந்தபோது, பரண்மேல் கிடந்த பழைய மடிக்கணினியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் மூல நிரல் இருந்தது. ஜாடி திறந்தது. "இனி இதை எந்தக் கணினியிலும் படிக்கிற எழுத்தாக மாற்றிவிடுங்கள், ஐயா. நான் எழுதின பைத்தான் 2க்கு வருகிற சனவரி முதல் தேதியோடு ஆதரவு முடிகிறது" என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே 2020 சனவரி 1 அன்று அது முடிவுக்கு வந்தது.

மாற்றும் பொறுப்பை எங்கள் உபயகாரர் ஒருவரின் மகள் ஏற்றுக்கொண்டார். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவி. அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, உள்ளே இருப்பதை அப்படியே அச்சிட்டால் போதாதா?"

அவர் சொன்ன விளக்கத்தை என் மொழியில் தருகிறேன். நிரலுக்குள் ஒவ்வொரு கட்டளையும் ஓர் 'ஆப்ஜெக்ட்' ஆக இருக்கிறது. அதை அன்னதானச் சமையற்காரருக்கு ஒப்பிடலாம். அவருக்குச் சில விவரங்கள் தெரியும்: எத்தனை பேர், எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு. சில வேலைகளும் தெரியும்: அளக்க, தாளிக்க, பதம் பார்க்க. நம் கட்டளை ஆப்ஜெக்டும் அப்படியே. பெயர், திதி, தொகை ஆகிய விவரங்கள் அதனிடம் உண்டு. இந்த ஆண்டு அந்தத் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று கணக்கிடும் வேலையும் அதற்குத் தெரியும்.

சமையற்காரரை உறைக்குள் போட்டு அஞ்சலில் அனுப்ப முடியாது. அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை அனுப்பலாம். அங்கே இருக்கும் வேறொரு சமையற்காரர் அதைப் படித்துச் சமைப்பார். ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றுவது என்றால், விவரத்தைப் பிரித்து எழுதி வைப்பது. வேலை நிரலிலேயே தங்கிவிடும். நாளை வேறு நிரல் வந்தால் அது தன் வேலையைத் தானே அறிந்திருக்கும். விவரம் மட்டும் எழுத்தில் இருந்தால் போதும்.

ஜேசான் என்னும் எழுத்து முறை

இதற்கு அவர் தெரிந்தெடுத்த முறைக்கு ஜேசான் என்று பெயர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்னும் அமெரிக்க நிரலர் இதற்குப் பெயரும் இலக்கணமும் கொடுத்துப் பரப்பினார். தாம் இதைப் புதிதாகப் படைக்கவில்லை, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஏற்கெனவே இருந்ததைக் கண்டெடுத்ததாகவே அவர் சொல்லியிருக்கிறார். 2013இல் இது எக்மா அமைப்பின் தரமாகவும், 2017இல் ஐஎஸ்ஓ அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இதற்கு அவர் வேண்டுமென்றே பதிப்பு எண் கொடுக்கவில்லை. இலக்கணம் மாறக்கூடாது என்பது அவர் எண்ணம். நிலையாக இருக்க வேண்டிய பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன?

ஜேசானுக்குத் தெரிந்தவை ஆறே வகை: எழுத்துத் தொடர், எண், உண்டு அல்லது இல்லை, வெறுமை, வரிசைப் பட்டியல், பெயரும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு. எங்கள் பதிவு ஒன்று மாறிய பின் இப்படி இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

{
"வகை": "கட்டளை",
"வடிவம்": 1,
"எண்": 214,
"பெயர்": "இன்னார்",
"ஊர்": "செனாய்",
"உபயம்": "மோட்ச தீபம்",
"மாதம்": "மாசி",
"திதி": "வளர்பிறைச் சப்தமி",
"தொகை_சென்": 50000,
"பெற்ற_நாள்": "1997-03-04",
"குடும்பம்": [215, 216]
}

கணினி தெரியாதவரும் இதைப் படிக்கலாம். நான் முதன்முதலில் பார்த்தபோது எங்கள் செக்ரோல் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. தோட்டம் கைமாறி, துரை மாறி, கிராணி மாறினாலும், அடுத்து வருபவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துச் சம்பளம் போட முடிந்தது. எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியிருந்ததில்லை.

மாற்றும்போது கற்றவை

பார்க்கச் சுலபமாக இருந்தாலும் முதல் முயற்சியிலேயே கணினி மறுத்துவிட்டது. 'இந்த வகை ஆப்ஜெக்டை ஜேசானாக மாற்ற இயலாது' என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது. ஆறு வகையைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாதல்லவா? கட்டளை, குடும்பம், தேதி என்று நாமாக வகுத்துக்கொண்ட ஒவ்வொன்றையும் அந்த ஆறில் எதுவாக எழுதுவது என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதலாவது, தேதி. ஜேசானில் தேதி என்றொரு வகையே இல்லை. ரசீதில் 04/03/1997 என்று இருக்கிறது. நமக்கு அது மார்ச் நான்கு. அமெரிக்கர் எழுதிய நிரலுக்கு ஏப்ரல் மூன்று. ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற அனைத்துலக வரிசையில் எழுத்துத் தொடராக எழுதினோம். அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இரண்டாவது, பணம். கணினி பின்ன எண்களை இருமக் கணக்கில் வைப்பதால், பல நிரல்மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். கோயில் காசில் ஒரு துளிகூட இப்படிப் பிசகக்கூடாது. ஆகவே வெள்ளியை விட்டு, எல்லாத் தொகையையும் முழுச் சென்னாக எழுதினோம். ஐந்நூறு வெள்ளி 50000 ஆனது இதனால்தான்.

மூன்றாவது, குடும்பம். கணவர் பதிவு மனைவியைச் சுட்டுகிறது. மனைவி பதிவு கணவரைச் சுட்டுகிறது. ஒன்றுக்குள் ஒன்றை எழுதப் போனால் முடிவே இராது. 'சுற்றிச் சுற்றி வருகிறது' என்று கணினி நின்றுவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, உறவை அந்த எண்ணால் மட்டும் குறித்தோம்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. ஆப்ஜெக்டில் இருந்த அனைத்தையும் அப்படியே கொட்டிய ஒரு முயற்சியில், 'அடுத்த தேதி' என்று ஓர் ஆங்கிலத் தேதியும் வந்து விழுந்தது. ஆனால் திதி ஒரு குறியீட்டு எண்ணாக, 7 என்று மட்டும் வந்தது. நான் பட்டியலைச் சரிபார்த்தபோது, "மாமா, தேதிதான் இருக்கிறதே, இந்த எண்ணை எடுத்துவிடலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார். நல்லவேளை, இருவரும் சற்று யோசித்தோம். அந்தத் தேதி அந்த ஓர் ஆண்டுக்கு நிரல் கணக்கிட்டது. உபயகாரர் நமக்குச் சொன்னது மாசி வளர்பிறைச் சப்தமி. தேதியை வைத்துத் திதியை விட்டிருந்தால், மறு ஆண்டிலிருந்து எல்லாத் தீபமும் தவறான நாளில் எரிந்திருக்கும். ஆகவே கணக்கிட்டதை விட்டுவிட்டு, கொடுத்தவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத்தில் வைத்தோம். தேதியை ஒவ்வோர் ஆண்டும் குருக்கள் ஐயா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, தமிழ் எழுத்து. பழைய நாள்களில் எழுத்துருவைக் கொண்டு தட்டச்சிட்ட பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆயினும் நம்மில் பலர் நெடுநாள் பழைய முறைகளிலேயே இருந்தோம். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளின் வழி தமிழைக் கணினியில் நடமாடச் செய்தவர்களில் ஒருவர் என்பதை இங்குப் பெருமையுடன் குறிப்பிட வேண்டும்.

பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் இருந்தன. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செனாய்' என்பதில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகுதான் ச. யூனிகோடிலோ ச முதலில், கொம்பு பிறகு. வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு அநாதையாக நிற்கும். இதையெல்லாம் சீர்செய்து யூனிகோடில் சேமித்தோம். அப்படியும் முதலில் தமிழ் தெரியவில்லை. பைத்தான் வழக்கமாகப் பிறமொழி எழுத்துகளைக் குறியீட்டு எண்களாகவே ஜேசானில் எழுதும். 'எழுத்தை எழுத்தாகவே வை' என்று ஒரு சொல் சேர்த்த பிறகுதான் பெயர்கள் தமிழில் மலர்ந்தன.

சரிபார்த்த விதம்

மாற்றி முடித்தவுடன் மகிழ்ந்துவிடவில்லை. எழுத்தாக்கியதை மீண்டும் ஆப்ஜெக்டாக்கி, முதலில் இருந்ததோடு ஒன்றுக்கொன்று ஒப்பிட்டோம். கட்டளைகளின் எண்ணிக்கையும், சென் கணக்கில் மொத்தத் தொகையும் இரு பக்கமும் ஒத்துவந்தன. பிறகு அச்சிட்டு, கையில் இருந்த ரசீது அடிக்கட்டைகளோடு நானே பெயர் பெயராக வாசித்துப் பார்த்தேன். கணினி கண்டுபிடிக்காத எழுத்துப் பிழைகளை மனிதக் கண் கண்டுபிடித்தது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவைப்பட்டது. எல்லாரும் படிக்கக் கூடிய எழுத்து என்றால், படிக்கக் கூடாதவரும் படிக்கலாம். ஆகவே அடையாள அட்டை எண்களைப் பதிவில் சேர்க்கவில்லை. முகவரியும் தொலைபேசி எண்ணும் தனிக் கோப்பில் மறைச்சொல் இட்டுப் பூட்டப்பட்டுள்ளன.

கல்வெட்டு காட்டும் வழி

இதெல்லாம் புதுக்கால வேலை என்று எண்ண வேண்டாம். 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த முதலாம் இராசராசன், தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் கொடுத்ததையும் சுவரிலேயே பொறிக்கச் செய்தான். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அந்த ஆடுகளும் இல்லை, மேய்த்தவர்களும் இல்லை. யார், எதற்காக, எவ்வளவு கொடுத்தார் என்பது மட்டும் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

இன்னும் ஒரு செய்தி. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். கட்டடம் மாறலாம், முன்னோர் வைத்த கட்டளை மறையக்கூடாது என்ற எண்ணம் அந்த அம்மையாருக்கு இருந்தது. கணினி மாறியபோது எங்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

இன்று கூலாய், செடனாக் பக்கம் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுகின்றன. நம் பதிவுகள் நாளை அவற்றில் ஒன்றில் இருக்கலாம். எங்கே இருந்தாலும், எழுதிய நிரல் இல்லாமலே படிக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டு மாசியில், நடமாட்டக் கட்டுப்பாடு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்தப் பெரியவர் மீண்டும் வந்தார். தீபம் ஏற்றப்பட்டது. பிறகு அலுவலகத்துக்கு வந்து, "பேரைக் காட்டுங்க, கிராணி" என்றார். எந்தத் தனி நிரலும் இல்லாமல், சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து காட்டினேன். திரைக்கு மிக அருகில் குனிந்து, மனைவியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ரசீதை மறுபடியும் அந்த உறைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் செய்வதுதான் சரி.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விசயதசமிக்குப் பின் கட்டளைப் பதிவை மூன்று நகல் எடுத்து, ஒன்றைத் தாளிலும் அச்சிட்டு அலுவலகத்தில் வைக்கிறோம். வரும்போது உங்கள் குடும்பத்தின் பதிவைக் கேட்டு வாங்கி வாசித்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும், திதியோ நட்சத்திரமோ மாறியிருந்தாலும் சொல்லுங்கள். பழைய ரசீது வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். நீங்கள் வைத்த விளக்கு உரிய நாளில் எரிவதற்கு அந்தத் துண்டுத் தாளும் துணை.